தம்பானூர் தாண்டி

உண்ணாமலைக்கடை ஊரில் யாருக்காவது திருவனந்தபுரம் போக வேண்டி வந்தால் முதலில் ஞானதாசன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். மெடிக்கல் காலேஜுக்கு எந்த பஸ், விமான நிலையத்துக்கு ஆட்டோக்காரன் என்ன கேட்பான், பாஸ்போர்ட் ஆபீஸ் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். மார்த்தாண்டம் டிப்போவில் கண்டக்டராக இருந்து, வேலைக்காலத்தின் பெரும்பகுதியை நாகர்கோவில் – திருவனந்தபுரம் பஸ்ஸிலேயே கழித்தவர் அவர். அவருக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும் என்பது ஊரின் நினைப்பு. ஞானதாசனும் தயங்காமல் வழி சொல்வார். பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களிடம் காலகாலமாகக் கேட்டு வைத்ததுதான் என்றாலும், சொன்ன வழி தப்பியதில்லை.

உள்ளதைச் சொன்னால், அந்த நகரத்தில் அவர் பார்த்தது தம்பானூர் பஸ் நிலையத்தை மட்டும்தான். களியக்காவிளையில் எல்லை தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு நிறுத்தமாகக் கூவி ஆளை இறக்கி, தம்பானூரில் வண்டி நிற்கும்போது அவருக்கு முதுகு விட்டுப் போயிருக்கும். முகம் கழுவி, ஒரு சாயா குடித்து, டைம் கீப்பரிடம் கையெழுத்து வாங்கித் திரும்பினால் வண்டி எடுக்கிற நேரம் வந்துவிடும். பஸ் நிலையத்தின் வாசலைத் தாண்டி அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒருநாளும் அவருக்கு வாய்க்கவில்லை. வேலையில் இருந்தவரை அதை ஒரு குறையாக நினைக்கவும் இல்லை. வண்டிக்காரனுக்கு ஊர் என்பது வண்டி நிற்கிற இடம்.

ஓய்வு பெற்ற மறு வருடம் மனைவி ஜெபமணிக்குக் கண்ணில் கோளாறு வந்தது. சர்க்கரை வெகுநாளாக இருந்தது. அது இப்போது கண்ணின் உட்புறத்தைத் தொட்டிருக்கிறது என்றார் மார்த்தாண்டத்து டாக்டர். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கண்ணாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே பார்த்தவர்கள், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜெபமணிக்கும் திருவனந்தபுரம் புதிதல்ல. அவளுடைய அண்ணன் மெடிக்கல் காலேஜில் கிடந்து இறந்துபோனபோது ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே கூடக் கிடந்தவள். எந்த வராந்தாவில் ராத்திரி சாரல் அடிக்காது, கஞ்சி எங்கே கிடைக்கும், எந்த நர்ஸ் சிரித்துப் பேசுவாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய திருவனந்தபுரம் அவ்வளவுதான். அவருடையது பஸ் நிலையம், அவளுடையது ஆஸ்பத்திரி. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு நகரம் கிடந்தது.

2011 ஆகஸ்டில் இரண்டாவது தடவை கண்ணைக் காட்டப் போனபோது, தம்பானூரில் புதிதாக ஒரு கவுன்ட்டர் முளைத்திருப்பதை ஞானதாசன் கண்டார். யாரோ தனியார் டிராவல்ஸ்காரர்கள் தொடங்கியது. பெரிய பலகையில் மிருகக்காட்சி சாலை, மியூசியம், வேளிக் காயலில் படகு, கோவளத்துக் கலங்கரை விளக்கம் எல்லாம் வண்ணப்படங்களாக இருந்தன. ஒரே அட்டை. ஒருநாள் முழுக்கச் செல்லும். எல்லா இடத்துக்கும் நுழைவுச் சீட்டு அதிலேயே அடக்கம்; இடத்துக்கு இடம் கொண்டுபோக ஒரு சுற்று பஸ்ஸும் உண்டு. தனித்தனியாகச் சீட்டு எடுப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு லாபம் என்று பலகை சொன்னது.

ஞானதாசன் அங்கேயே நின்றுவிட்டார். ஜெபமணி சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "என்ன நோக்குதிய? பத்து மணிக்கு அங்க இருக்கணும்" என்றாள். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் ஒரு நோட்டீசை மட்டும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அந்த நோட்டீஸ் வீட்டில் வெகுநாள் கிடந்தது. வாங்கலாமா வேண்டாமா என்று அவர் யோசித்த யோசனை கொஞ்சநஞ்சமல்ல. காசு அதிகம் என்றில்லை. சீட்டையும் பாஸையும் பற்றி அவருக்கென்று சில எண்ணங்கள் இருந்தன. பாஸ் வைத்திருக்கிறவன் ஒரு ஸ்டாப் தூரத்துக்கும் ஓடிவந்து பஸ்ஸில் தொற்றுவான். காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறவன் அதே தூரத்தைக் கைவீசி நடந்து போவான். பாஸ்காரனுக்குக் கால் வலிக்கிறதென்று இல்லை. நடந்தால் பாஸ் வீணாகிறதே என்கிற வலிதான். இதை எத்தனையோ நாள் படிக்கட்டில் நின்று பார்த்தவர் அவர். இந்த அட்டையை வாங்கினால் தானும் அப்படி ஓடவேண்டியதாகிவிடுமோ என்று தோன்றியது. வாங்காவிட்டாலோ, போகவே மாட்டோம் என்றும் தோன்றியது. அவருக்குத் தன்னைத் தெரியும். கையில் சீட்டு இல்லாமல் அவர் எங்கும் போனவரல்ல.

மார்த்தாண்டம் சந்தைப்பக்கம் சாயாக்கடையில் ஜெயசிங்கைக் கண்டபோது நோட்டீசை எடுத்துக் காட்டினார். ஜெயசிங் அவருடன் நெடுங்காலம் வண்டி ஓட்டிய டிரைவர். ஓய்வுக்கு இன்னும் சில வருடம் இருந்தது.

"காலைல இங்க, பதினோரு மணிக்கு அங்க, மதியம் வேளி, சாயங்காலம் கோவளம். இதென்ன ஓய், நமக்க டூட்டி ஷெட்யூலு போலல்லா இருக்கு" என்று ஜெயசிங் சிரித்தார். "டூட்டி விட்டது போராதா உமக்கு?"

"அதில்ல ஜெயசிங்கே. இத்தன காலம் போய் வந்தோம். அங்க என்ன உண்டுண்ணு யாராவது கேட்டா ஒனக்குத் தெரியுமா?"

ஜெயசிங் சாயாவை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "தம்பானூர்ல எந்த மூலையில வண்டி திருப்ப எளுப்பம்ணு தெரியும்" என்றார்.

மஸ்கட்டிலிருந்து மகள் ஷீஜா போனில் பேசியபோது, "யோசிக்கதுக்கு என்ன இருக்குப்பா, ரெண்டு பேருக்கும் எடுங்க" என்றாள். ஜெபமணி போனை வாங்கி, "எனக்கு என்னத்துக்கு மக்கா மிருகம்? வீட்டுல ஆடு நிக்குது, அதப் பாத்தா போரும்" என்றாள். ஆனாலும் அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று, பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை, சர்ச்சுக்கு உடுத்துகிற சேலையை அவள் எடுத்து உடுத்தியிருந்ததை ஞானதாசன் கவனித்தார்.

தம்பானூரில் இறங்கியதும் அவர் கவுன்ட்டர் பக்கம் போனார். பிறகு, ஆஸ்பத்திரி எப்போது விடுமென்று யாருக்குத் தெரியும், முடியட்டும், மியூசியம் வாசலிலும் இதே கவுன்ட்டர் இருக்கிறதாமே, அங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார்.

ஒன்றை மட்டும் இருவரும் மறந்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கண்ணைப் பார்க்குமுன் கண்பாவையை விரிய வைக்கும் ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். முந்தைய தடவைகளில் நேராக வீட்டுக்குத் திரும்பியதால் அது பெரிதாகத் தெரியவில்லை. இந்தத் தடவை டாக்டர், கண் அப்படியேதான் இருக்கிறது, கூடவில்லை, நல்லது என்று சொல்லி அனுப்பினார். சந்தோஷமாக வெளியே வந்து வெயிலில் கால் வைத்ததும் ஜெபமணி கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் காகிதக் கண்ணாடியைப் போட்ட பிறகுதான் அடி எடுத்து வைக்க முடிந்தது.

"தெரியுதாட்டி?"

"எனக்க கை மங்கலா இருக்கு. விரலு எத்தனைண்ணு கேட்டா தெரியாது."

"அப்ப வீட்டுக்குப் போவோம்."

"ஆட்டோவப் பிடிங்க. மியூசியத்துக்கு" என்றாள் ஜெபமணி. "அந்தக் காகிதத்த எடுத்து எடுத்து நோக்குனது நான் கண்டேல்லா."

மியூசியம் வாசலில் பெரிய மரங்களின் நிழலில் கவுன்ட்டர் இருந்தது. ஞானதாசன் இரண்டு அட்டை என்று விரலைக் காட்டப்போக, ஜெபமணி கையைப் பிடித்து இறக்கினாள்.

"எனக்கு வேண்டாம். கண்ணு தெரியாதவளுக்கு என்னத்த காட்சி? நீங்க மட்டும் எடுங்க. நான் அந்த பெஞ்சுல இருக்கேன்."

"ஒன்ன வெளிய இருத்திட்டு நான் மட்டும் போகவா?"

"இத்தன வருசமும் என்ன வீட்டுல இருத்திட்டுத்தான போனிய" என்றாள் அவள்.

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் ஞானதாசனுக்குத் தைத்தது. கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் இவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டது. வரிசையைத் தேக்கி வைத்துப் பழக்கமில்லாத மனிதர், ஒரே ஒரு அட்டையை வாங்கிக்கொண்டு விலகினார். ஜெபமணியை நிழல் பார்த்து பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, "இப்ப வந்திருவேன். எங்கயும் போயிராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வேகமாக நடந்து பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் அவர் எண்ணம். முதல் கொஞ்ச நேரம் அப்படித்தான் நடந்தார். வெண்கலச் சிலைகளைப் பயணிகளின் தலையை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு ஒரு மரத்தேரின் முன்னால் கால் நின்றது. பழைய கோயில் தேர், சிறியது. உடம்பெல்லாம் சிற்பம். மற்றவர்கள் சிற்பத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஞானதாசன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். மரத்தை மரத்தோடு எப்படிப் பூட்டியிருக்கிறான், இத்தனை பாரத்தை வைத்துக்கொண்டு வளைவில் இதை எப்படித் திருப்பியிருப்பார்கள், எத்தனை பேர் வடம் பிடித்திருப்பார்கள், யார் முன்னால் நின்று சத்தம் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்க அவருக்கு அலுக்கவில்லை. ஒரு பக்கம் சுற்றி வந்து மறுபக்கம் குனிந்தார். நிமிர்ந்தபோது வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் சரிந்து தரையில் சிவப்பும் பச்சையுமாகக் கிடந்தது. அதையும் நின்று பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்காமல் இவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்றது அவர் நினைவில் இதுவே முதல் தடவை.

நினைவு வந்து வெளியே ஓடிவந்தபோது பெஞ்சில் தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது.

கண் தெரியாதவள். ரோட்டுக்குப் போய்விட்டாளோ, கழிவறை தேடிப் போய் வழி தவறிவிட்டாளோ. "ஜெவமணி, ஏட்டி ஜெவமணி" என்று கூப்பிட்டுக்கொண்டே மரத்தடி எல்லாம் பார்த்தார். காவலாளி ஒருவரிடம் ஓடி, கறுப்புக் காகிதக் கண்ணாடி போட்ட ஒரு அம்மையைக் கண்டீர்களா என்று மலையாளத்தில் கேட்டார். காவலாளி சாவகாசமாக மிருகக்காட்சி சாலையின் வாசலைக் காட்டினார். "ஒரு கூட்டம் போச்சு. அவங்ககூடப் பேசிக்கிட்டே டிக்கெட் எடுத்து உள்ளே போனாங்க."

அட்டையை நீட்டி உள்ளே நுழைந்தவர் சிங்கத்தையும் பார்க்கவில்லை, புலியையும் பார்க்கவில்லை. மனிதர்களின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினார். நீர்யானைத் தொட்டியின் கைப்பிடிச் சுவரில் ஜெபமணி சாய்ந்து நின்றிருந்தாள். அங்கே நல்ல நிழல்; கறுப்புக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. பக்கத்தில் யாரோ ஒரு குடும்பத்துக் குழந்தைகள் கத்திக்கொண்டிருக்க, அவர்களைவிடச் சத்தமாக அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்தியளா? இஞ்ச நோக்குங்க, அதுக்க வாய! நம்ம வீட்டுக் குளிமுறி அளவுல்லா இருக்கு!"

"ஒனக்குக் கண்ணு தெரியாதுண்ணு பறஞ்சியே!" ஞானதாசனுக்கு மூச்சு வாங்கியது. கோபமும் வந்தது, ஆறுதலும் வந்தது. எதை முதலில் காட்டுவதென்று தெரியவில்லை.

"கிட்ட உள்ளதுதான் தெரியல்ல. எட்ட உள்ளது நல்லா தெரியுது. பெஞ்சுல இருந்து நோக்கும்போதுதான் எனக்கே வெளங்கிச்சு. பின்ன சும்மா எத்தன நேரம் இருக்கது? நாகர்கோயிலுக்காரிய கொஞ்ச பேரு போனாவ. நானும் கூடப் போனேன். இது ஒண்ணும் பெரிய சீட்டு இல்ல கேட்டியளா, சாயாக்காசுதான்."

ஞானதாசன் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். மியூசியத்துக்கும் இதற்கும் மட்டும்தான் அதில் குத்தியிருந்தது. வேளி அப்படியே கிடந்தது, கோவளம் அப்படியே கிடந்தது. சுற்று பஸ் எப்போது என்று பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப எறங்கினா படகு பிடிக்கலாம்" என்றார்.

"என்னத்துக்கு இந்த ஓட்டம்?"

"இருட்டிட்டா இது செல்லாதுல்லா."

"சீட்டு செல்லாது, செரி. வேளி எங்க போவும்? ஆறு மாசம் களிஞ்சா நாம மறுபடி வரணும்லா. கண்ணுக்காரன் விடப்போறானா?" நீர்யானை தண்ணீருக்குள் அமிழ்ந்து, மூக்கை மட்டும் வெளியே வைத்து ஊதியது. அவளுடைய கவனம் அங்கே போய்விட்டது.

ஞானதாசன் கைப்பிடிச் சுவரில் அவளருகே சாய்ந்தார். அவள் சொன்னது அவருக்குள் மெதுவாக இறங்கியது. அவருடைய பஸ்ஸில் இரண்டு வகை ஆட்கள் ஏறுவார்கள். வடநாட்டிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்தவர்கள் ஜன்னலோரம் இடம்பிடித்து, போகிற வழியில் ஒவ்வொன்றையும் கேட்டு, படம் பிடித்து, கண்ணை மூடாமல் வருவார்கள். ஊர்க்காரர்கள் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். அவர்களுக்கு இது நாளையும் இருக்கும். அந்த அட்டை மறுபடி வராதவர்களுக்காக அச்சடித்தது. தானோ பக்கத்து வீட்டுக்காரன். பக்கத்து வீட்டுக்காரன் ஒரே நாளில் எல்லா அறைக்குள்ளும் ஏறி இறங்குவானா? ஆனால் இன்னொன்றும் தோன்றியது. நாளையும் இருக்கும் என்று தூங்கித் தூங்கியே அல்லவா இத்தனை காலம் போனது? அட்டை இல்லாமல் இருந்தால் இன்றைக்கும் நேராகத் தம்பானூருக்குத்தான் போயிருப்பார். அதனால் வீண் என்றும் அவரால் சொல்ல முடியவில்லை.

தீனி வைக்கிற ஆள் வரும்வரை அங்கேயே நின்றார்கள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியைத் தின்றார்கள். ஞானதாசன் தேரைப் பற்றிச் சொன்னார். சக்கரம் எப்படி, அச்சு எப்படி என்று கையால் காட்டிப் பார்த்தார். கை அவளுக்கு மங்கலாகத் தெரிந்ததால் அதுவும் சரியாக வரவில்லை. "செரி, அடுத்தால காட்டித் தாங்க" என்றாள் அவள்.

திரும்புகிற பஸ் பாலராமபுரம் தாண்டும்போது ஜெபமணி கேட்டாள்: "வண்டி தம்பானூர்ல நிக்கும்போ நீங்க என்னதான் செய்விய?"

"முகம் களுவுவேன். ஒரு சாயா. பணம் எண்ணுவேன். நேரம் கெடச்சா பின்சீட்டுல கொஞ்சம் சரிவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் என்னவெல்லாமோ நெனச்சிருந்தேன்" என்றாள். "தெனமும் நீங்க பெரிய பட்டணத்துக்குப் போறிய, எல்லாம் கண்டு களிச்சு வாறிய, எங்கிட்ட ஒண்ணும் சொல்லது இல்லண்ணு."

சொல்ல ஒன்றும் இல்லாததால்தான் சொல்லவில்லை என்று ஞானதாசனால் அப்போது சொல்ல முடியவில்லை. நெடுங்காலத்துக் கணக்கு ஒன்றை இரண்டு பக்கமும் தவறாகப் போட்டிருந்தது களியக்காவிளை வருவதற்குள் தெரிந்துபோனது.

அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி முடிந்ததும் ஓரிடம் என்று வைத்துக்கொண்டார்கள். அட்டை வாங்கவில்லை. ஒரு தடவை தேர். ஒரு தடவை வேளி. படகில் ஏற ஜெபமணிக்குப் பயம், கரையிலேயே இருந்து மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்தார்கள். கோவளத்தில் வெயில் கூசி அவள் கண்ணைத் திறக்கவே முடியாமல் போனது, கடலின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தார்கள். ஒரு தடவை புது இடம் ஒன்றும் வேண்டாம், நீர்யானையே போதும் என்று அவள் அடம்பிடித்தாள். ஞானதாசன் முணுமுணுத்துக்கொண்டே போனார். இடது கண்ணுக்கு இடையில் ஒருமுறை லேசர் வைத்தார்கள். பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை.

2014 வாக்கில் ஜெயசிங் ஓய்வு பெற்றார். ஒருநாள் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். சாயா குடித்து முடித்ததும், "ஓய், அந்த திருவனந்தபுரம் அட்டை இப்பவும் உண்டாமே. வாங்கினா கொள்ளாமா? நீர்தான் வாங்கினவராச்சே, சொல்லும்" என்றார்.

"கால் எப்படி இருக்கு ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டார் ஞானதாசன். நடக்கலாம் என்றார் ஜெயசிங். "மறுபடி அங்கோட்டுப் போவியளா?"

ஜெயசிங் மனைவியைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள். மகனுக்குப் பெங்களூரில் வேலை நிலைத்துவிட்டது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. மழைக்கு முன்னால் போகிறார்கள். இனி இந்தப் பக்கம் எப்போது வருவது என்று தெரியாது.

உள்ளே கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த ஜெபமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்ப வாங்கும்" என்றார் ஞானதாசன். "ரெண்டு பேருக்கும் வாங்கும். காலையில முதல் வண்டிக்குப் போயிரும். ஒண்ணையும் விடாதேயும்."

அடுத்த வாரமே அவர்கள் போய் வந்தார்கள். எல்லா இடமும் பார்த்தோம், கலங்கரை விளக்கத்தின் உச்சிவரை ஏறினோம், கால் இரண்டும் தேங்காயாக வீங்கிவிட்டது என்று ஜெயசிங் போனில் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. மே மாதக் கடைசியில் சாமான் லாரி ஏறியபோது ஞானதாசனும் ஜெபமணியும் போய் நின்று, கட்டுகளைத் தூக்கிக் கொடுத்து வழியனுப்பிவிட்டு வந்தார்கள்.